பசை காயட்டும்

மெட்டில்டா அத்தையின் குரல் கப்பலுக்குள் போய் அடைபட்டது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து அவர் கித்தேரி அண்ணனிடம் ஊளி மீனுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது. பாதி வார்த்தை கீழே போய்ச் சேர்ந்தது, மீதிப் பாதி போகவில்லை, கித்தேரி அண்ணன் தலையை அண்ணாந்து வைத்துக்கொண்டு அந்த மீதிக்காகக் காத்திருந்தார், அவருடைய டிவிஎஸ் வண்டியில் கட்டியிருந்த ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, அந்தச் சொட்டுச் சத்தத்தைத் தவிர தெருவில் வேறு சத்தம் இல்லை.

அதைச் செய்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையின் நடுவில் யாராவது ஒருத்தர் குரலில் பேசி உங்களைச் சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வேன். அது என் பழக்கம்.

என் பெயர் ஜெரோமினா, கூப்பிடுவது ஜெரோ, படிப்பது பதினொன்றாம் வகுப்பு. பிரஷர் குக்கர், பல்லி, பழைய ஆட்டோ ஸ்டார்ட் ஆகாமல் இருமுவது, இவையெல்லாம் எனக்கு ஒன்றாம் வகுப்புப் பாடம். தலைமை ஆசிரியை குரலில் பள்ளிக்கூட மைக்கில் அரைநாள் விடுமுறை விட்டிருக்கிறேன், எண்ணூறு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போய்விட்டார்கள். குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர் தனபாலன் சார் குரலில் இன்டர்காமில் பேசி, கொட்டுகிற மழையில் வாட்ச்மேனைச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறேன். அம்மா குரலில் "இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கிடுங்க" என்று அடுக்களையிலிருந்து சொல்லி அப்பாவை அழவைத்திருக்கிறேன், அம்மா அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. எந்தக் குரலைக் கேட்டாலும் அது என் தொண்டைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடும். என் சொந்தக் குரல் எங்கே உட்கார்ந்திருந்தது என்று அப்போது நான் யோசித்ததே இல்லை.

நாங்கள் இருப்பது தூத்துக்குடியில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள் சேர்ந்து கட்டிய நங்கூரம் குடியிருப்பில், நாலு மாடி, ஒரு லிஃப்ட், அந்த லிஃப்ட் பாதி நாள் ஓடாது. எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு கஸ்பார் மாமாவுடையது. முப்பது வருஷம் இழுவைப் படகில் இன்ஜின் டிரைவராக இருந்து, அடுத்தவர்களுடைய பெரிய பெரிய கப்பல்களையெல்லாம் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தவர், ஓய்வு பெற்ற மறுவாரமே எனக்கென்று ஒரு கப்பல் வேண்டும் என்று சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டார். மஸ்கட்டில் இருக்கும் மகள் வருஷத்துக்கு ஒரு பெட்டி அனுப்புவாள். பெட்டிக்குள் கப்பல் இருக்காது, கப்பலாகப் போகிற சாமான் இருக்கும்: நம்பர் போட்டு வெட்டிய விலா எலும்புகள், ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் அகலமான பலகைக் கீற்றுகள், எறும்புத் தலை அளவு பித்தளை ஆணிகள், நூல் கண்டு, பாய்த்துணி, ஆள் உயரத்துக்கு விரிகிற வரைபடம். பலகைக் கீற்றை அத்தையின் இட்லிக் கொப்பரையில் வைத்து ஆவி காட்டி, இளகினதும் கப்பலின் வளைவுக்கு வளைத்து, பசை தடவி, துணிக்கு மாட்டுகிற கிளிப்பை மாட்டி, கிளிப் எட்டாத இடத்தில் விரலாலேயே பிடித்துக்கொண்டு, பசை காய்கிற வரைக்கும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார். ஒரு கப்பலுக்கு இருநூறு கீற்று, ஒரு கீற்றுக்குக் கால் மணி நேரம். இந்த உலகத்தில் எந்த விஷயத்தையும் யாராவது கேட்டால் கஸ்பார் மாமாவிடம் ஒரே பதில்தான்: "பசை காயட்டும், வாரேன்."

தோணி கட்டுகிற இடத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம், மாமாவுடைய அப்பா சொல்லியிருக்கிறார். மேல்தளத்தின் கடைசிப் பலகையை அறைவதற்கு முன்னால் அந்த வீட்டுப் பெண் குனிந்து, கப்பலின் வயிற்றுக்குள் அதன் பெயரைச் சொல்ல வேண்டும், ஒரே தரம், வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது, பெயர் உள்ளே இருக்கும்போதே பலகையை மூடிவிட வேண்டும், பெயர் உள்ளே இல்லாத கப்பல் போன துறையிலிருந்து திரும்பாது. அவள் என்ன சொல்கிறாளோ அதுதான் பெயர், மாற்றக் கூடாது. அப்படி மாமாவின் முதல் ஐந்து கப்பல்களுக்கும் மெட்டில்டா அத்தைதான் வாய்வைத்துப் பெயர் சொன்னார். முதலாவதுக்கு மகள் பெயர், இரண்டாவதுக்கு மாதா பெயர், அப்புறம் கோபம் வந்துவிட்டது. நாற்பத்துநாலு பீரங்கி வைத்த ஒரு பெரிய போர்க்கப்பல் இன்றைக்கும் அந்த வீட்டு அலமாரியில் 'இட்லிக் கொப்பரை' என்ற பெயரைப் பித்தளைத் தகட்டில் தாங்கிக்கொண்டு நிற்கிறது.

ஆறாவது கப்பலின் மூக்குப் பலகையை மாமா விரலால் பிடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், சாயங்காலம் நாலு பத்துக்கு, அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தார். "ஏங்க" என்று கூப்பிட்டார். பசை காயட்டும், வாரேன் என்றார் மாமா. மறுபடி கூப்பிட்டார். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவையும் கூப்பிட்டார், மூன்றாவது தடவையும் அதே பதில், அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. பசை நன்றாகக் காய்ந்தபிறகு மாமா எழுந்து போய்ப் பார்த்தார். வலது மணிக்கட்டு இரண்டாக உடைந்திருந்தது. அது கூடியபோது கோணலாகக் கூடியது, இப்போதும் அத்தையால் ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடியாது. அன்றையிலிருந்து நாலு வருஷம் அத்தை மாமாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊரோடெல்லாம் பேசினார். மூன்றாம் மாடியில் நின்று பேசினால் தெருவில் மீன் விலை இறங்கும், எங்கள் குடியிருப்பின் இருபத்துநாலு குடும்பமும் அந்தக் குரலில்தான் மீன் வாங்கியது. காலையில் தண்ணீர் வந்தால் அந்தக் குரல்தான் எல்லாரையும் எழுப்பும். மாடிக்கு மாடி நடக்கிற செபமாலையில் முதல் பாதி அந்தக் குரல்தான். மாமாவிடம் மட்டும் நேராகப் போகாது, என் வழியாகப் போகும். "ஏட்டி ஜெரோ, அவர்கிட்ட சொல்லு, கொழம்பு ஆறுது" என்பார். மூன்று எட்டு தள்ளி உட்கார்ந்திருக்கும் மாமாவிடம் நான் போய், அத்தையின் குரலிலேயே, அந்த இழுப்போடு, "கொழம்பு ஆறுது" என்பேன். "பசை காயட்டும்னு சொல்லு" என்பார் மாமா. அடுக்களைக்குப் போய் அவருடைய கரகரப்பில் அதைச் சொல்வேன், அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார், எனக்கு ஒரு முறுக்கு கிடைக்கும். நாலு வருஷம் அவர்கள் இரண்டு பேரும் ஒருத்தர் குரலை ஒருத்தர் என் வாயிலிருந்துதான் நேராகக் கேட்டார்கள். எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

ஆறாவது கப்பல் முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது, மேல்தளத்தில் ஒரு கீற்றுப் பலகை மட்டும் பாக்கி. ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளியன்று மாமா அதன்மேல் போர்த்திய துணியை எடுத்து, தூசி துடைத்து, அந்தத் திறந்த இடுக்கு அடுக்களையைப் பார்க்கிற மாதிரி மேசையில் திருப்பி வைத்துவிட்டு, பசைப் புட்டியையும் அந்தக் கடைசிக் கீற்றையும் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அத்தை சட்டியோடு அந்தப் பக்கம் போவார், தட்டோடு இந்தப் பக்கம் வருவார், குனிய மாட்டார். மாமா துணியைப் போர்த்திவிடுவார். கேட்கவும் மாட்டார். இதை வகுப்பில் நடித்துக் காட்டினால் பிள்ளைகள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரிப்பார்கள்.

அந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் எடுத்து வைத்தார். அத்தை பால்கனியில் கித்தேரி அண்ணனோடு மும்முரமாக இருந்தார். மாமா கண்ணாடி எடுக்க உள்ளறைக்குப் போனார். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு. ஆணிப் பெட்டியில் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்த எனக்கு முன்னால் அந்த இடுக்கு திறந்து கிடந்தது, என் தொண்டைக்குள் குரல் தயாராக உட்கார்ந்திருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. வாயை வைத்து, மெட்டில்டா அத்தையின் குரலில், அந்த இழுப்போடு, உள்ளறை வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "பசை காயட்டும்."

மாமா சிரித்துக்கொண்டே வந்து என் மண்டையில் குட்டுவார் என்று நினைத்துத்தான் செய்தேன். அவர் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்படியில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை. கப்பலைப் பார்த்தார். சத்தமே இல்லாத பால்கனியைப் பார்த்தார்.

"அவ வந்தாளா?"

ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் எந்தக் குரலும் இல்லாமல் சொன்ன ஒரே பொய் அதுதான்.

"சரி," என்றார் மாமா. "எனக்கு வேண்டியதுதான்."

உட்கார்ந்து, பசையைத் தடவி, அந்தக் கீற்றை வைத்து, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. நாலு வருஷம் வாசலில் நின்ற ஆளை உள்ளே கூப்பிட்டு அடித்தால் எப்படி இருக்கும், அடிக்கவாவது கூப்பிட்டார்களே என்று இருக்குமே, அப்படி இருந்தது. நான்தான் மாமா, சும்மா விளையாட்டுக்கு, என்று சொல்ல அப்போது எனக்குக் கால் மணி நேரம் இருந்தது, பசை காய்கிற நேரம் முழுக்க இருந்தது. நான் ஆணிகளை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து அத்தை உள்ளே வந்தார், ஒரு கை தொண்டையில் இருந்தது, வாய் திறந்து மூடியது, காற்றுகூட வரவில்லை.

டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, தொண்டை சுத்தமாக இருக்கிறது, குரலைக் காணோம் என்றார். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தபோது, துணி போர்த்திய கப்பலுக்குள்ளிருந்து, "தண்ணி வந்துட்டு, மோட்டரப் போடுங்க" என்று அத்தையின் குரல் நாலு மாடிக்கும் கேட்டது. எல்லாரும் மோட்டாரைப் போட்டார்கள். யாரும் அதிசயம் என்று சொல்லவில்லை. சங்குக்குள் கடல் இரைவதை எங்கள் ஊரில் யாரும் அதிசயம் என்று சொல்வதில்லை, அதுபோலத்தான் இதையும் எடுத்துக்கொண்டார்கள்.

திங்கட்கிழமை கித்தேரி அண்ணன் வந்தபோது கப்பலைத் தூக்கி பால்கனியில் ஸ்டூல்மேல் வைத்தார்கள். "நேத்து செத்த மீனுக்கு இன்னைக்கு வெலையா கித்தேரி, கண்ணு உள்ள போயிட்டே" என்று கப்பல் கேட்டது. கித்தேரி அண்ணன் கப்பலோடு வாதாடினார், தோற்றார். முன்னாலென்றால் அக்கா முகத்தைப் பார்த்து எப்போது இறங்குவார்கள் என்று கண்டுபிடிக்கலாம், கப்பலுக்கு முகமே இல்லையே, நான் எதைப் பார்த்துப் பேச என்று அவர் வாட்ச்மேனிடம் குறைப்பட்டுக்கொண்டார், அதோடு சரி. அக்டோபர் மாதம் பிறந்ததும் செபமாலைக்குக் கப்பலை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள், கப்பல் முதல் பாதியைச் சொன்னது, நாங்கள் இரண்டாம் பாதியைச் சொன்னோம், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மெட்டில்டா அத்தையின் உதடுகள் இரண்டு பாதிக்கும் அசைந்தன. பங்குச்சாமியிடம் போய்க் கேட்டதற்கு, குரல் எங்கிருந்து வந்தால் என்ன, செபம் செபம்தான், பூசை நேரத்தில் மட்டும் கோயிலுக்குள் கொண்டுவராதீர்கள், பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்க்கும் என்றார். யார் வீட்டில் எந்த நாள் கப்பல் இருப்பது என்று பட்டியல் போட்டு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். ஒன்றாம் மாடிக்காரர்கள் ஒரு நாள் கூட வைத்துக்கொண்டார்கள் என்று சண்டை வந்தது, அந்தச் சண்டையை விலக்கியதும் கப்பல்தான்.

கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் கப்பலைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். அத்தை பக்கத்தில் நிற்பார். வந்தவர்கள் கப்பல் பக்கம் குனிந்து, என்ன மெட்டில்டாக்கா, கை வலி எப்படி இருக்கு என்பார்கள். இருக்கு, இருக்கு என்று கப்பல் சொல்லும். கேட்டவர்கள் திருப்தியாகப் போய்விடுவார்கள். குரலுக்கு மூச்சு வாங்குவதில்லை, ஜலதோஷம் பிடிப்பதில்லை, முன்னைவிட இப்போது நன்றாகவே இருக்கிறது என்றுகூட ஒருத்தர் சொன்னார், அத்தை அவருக்குக் காபி கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தபோதே சொன்னார்.

இதற்குள் மாமா கப்பலின் பின்பக்கம் பித்தளைத் தகட்டில் 'பசை காயட்டும்' என்று பெயரைப் பொறித்து ஒட்டிவிட்டார். அதைப் படித்தவர்களெல்லாம், மெட்டில்டாக்கா சரியான அடி கொடுத்திருக்கிறாள் என்று சிரித்தார்கள். அத்தையும் படித்தார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியை நிறுத்தி, தகட்டை ஒருதரம் படித்துவிட்டு, நிமிர்ந்து நேராக என்னைப் பார்த்தார். அந்தப் பெயரைச் சொன்னது அவர் இல்லை என்று தெரிந்த ஆள் உலகத்தில் இரண்டே பேர், நாங்கள் இரண்டு பேரும் அப்போது ஒரு மேசைக்கு இரண்டு பக்கத்தில் நின்றோம். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அவர் எழுதவில்லை. மேசையைத் துடைத்து முடித்தார். முறுக்கு டப்பாவை எடுத்து மேல் அலமாரியில் வைத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது நாலு பத்து மணியைப் பற்றி.

முதல் வாரத்திலிருந்தே அது இருந்தது. சாயங்காலம் நாலு பத்து ஆனால், எந்த வீட்டில் இருந்தாலும், கப்பல் விலை பேசுகிற குரலும் இல்லாமல் செபம் சொல்கிற குரலும் இல்லாமல், ஈரத்தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு பேசுவது மாதிரி ஒரு குரலில், "ஏங்க" என்று கூப்பிடும். கொஞ்சம் பொறுத்து, "ஏங்க." இன்னும் கொஞ்சம் பொறுத்து மூன்றாவது தடவை. அவ்வளவுதான். கஸ்பார் மாமா ஓடுவார். கையில் என்ன இருந்தாலும் போட்டுவிட்டு, அடுத்த கப்பலுக்கு ஒட்டுகிற பலகை அப்படியே பிரிந்து விழ, மூன்றாவது கூப்பாடு வருவதற்குள் குளியலறை வாசலுக்குப் போய்விடுவார். கதவைத் திறப்பார். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள். சொட்டுகிற குழாயை இறுக்கி மூடிவிட்டு, திரும்பி வந்து உட்கார்வார். கப்பல் நாலாம் மாடியில் யார் வீட்டிலாவது இருக்கிற நாளில், படிக்கட்டில் குரல் இறங்கி வரும்போதே ஓடுவார், தன் வீட்டுக் குளியலறைக்குத்தான் ஓடுவார்.

குடியிருப்பு அதற்கும் பழகிக்கொண்டது. மாமா ஓடுகிற சத்தம் கேட்டால் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைக்க வேண்டும், பிள்ளைகளை டியூஷனுக்குக் கிளப்ப வேண்டும். கடிகாரம் வாங்குகிற செலவு மிச்சம் என்றார்கள். நான் அதையும் நடித்தேன். எல்லாக் குரலையும் சொன்ன நான் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. வகுப்பில் மேசையைச் சுற்றி மாமா மாதிரியே முட்டி மடங்காமல் ஓடிக் காட்டினேன். பெஞ்சு உடைகிற அளவுக்குச் சிரிப்பு.

ஒரு புதன்கிழமை அம்மா கொடுத்துவிட்ட தேங்காயோடு எதிர்வீட்டுக்குப் போனபோது மணி நாலு பத்து. "ஏங்க" என்றது கப்பல். மாமா எழுந்து ஓடினார், ஹாலில் கால் வழுக்கியது, முட்டி தரையில் அடித்தது, அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது. கிடந்தவர் கையை ஊன்றி எழுந்தார். நொண்டிக்கொண்டே ஓடினார். இரண்டாவது "ஏங்க"வுக்கு, வாழ்நாளில் முதல் தடவையாக, "வந்துட்டேன், இந்தா வந்துட்டேன்" என்று மூச்சுத் திணறச் சொல்லிக்கொண்டே போய் அந்தக் காலியான குளியலறையின் கதவைத் திறந்தார். அடுக்களை வாசலில் மெட்டில்டா அத்தை நின்றுகொண்டிருந்தார். கோணல் கையைச் சுவரில் ஊன்றியிருந்தார். வாய் திறந்திருந்தது, அதில் ஏதோ ஒரு வார்த்தை இருந்தது, நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த ஆளிடம் நேராகச் சொல்வதற்கு அவரிடம் ஒரு வார்த்தை வந்துவிட்டது, அதைச் சொல்வதற்கான குரலை நான் எடுத்து ஒரு பொம்மைக் கப்பலுக்குள் போட்டு மூடிவைத்திருந்தேன்.

தேங்காயைத் தரையில் வைத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு வீட்டில் ஒருத்தர் மாதிரியும் பேசவில்லை. உடம்பு சரியில்லையா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அந்த வாரமே தனபாலன் சார் சங்கத்தில் தீர்மானம் போட்டார். பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் மீன் வாங்கக் கப்பலை இரவல் கேட்கிறார்கள், கை மாறி மாறிப் போய் உடைந்தால் யார் பொறுப்பு, ஆகவே கப்பல் முழுக்க மூன்று கை வார்னிஷ் அடித்து, ஒரு இடுக்கும் இல்லாமல் அடைத்து, கீழே வாசலில் கண்ணாடிப் பெட்டி செய்து அதற்குள் நிரந்தரமாக வைத்துவிடலாம், ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு எடுத்துப்போக எல்லாரும் வரவும். கஸ்பார் மாமா தலையை ஆட்டினார். அவருக்கு இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்டார்கள், அதாவது கப்பலிடம் கேட்டார்கள். "ஆகட்டும், ஆகட்டும்" என்றது கப்பல், அது யாரிடமும் அப்படித்தான் சொல்லும்.

ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு ஹாலில் நிற்க இடமில்லை. கித்தேரி அண்ணன்கூட வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். தனபாலன் சார் கப்பலைத் தூக்கக் கை நீட்டியபோது நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். வாயைத் திறந்தேன். "கவனிக்கவும், குடியிருப்போர் அனைவரும் கவனிக்கவும்" என்று தனபாலன் சார் குரல் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நான் வாயை மூடித் திறந்தேன். பங்குச்சாமி வந்தார். மறுபடி சிரிப்பு. தலைமை ஆசிரியை வந்தார், கித்தேரி அண்ணன் வந்தார், அப்பாவின் இருமல் வந்தது. ஒவ்வொருத்தராகத் தள்ளிவிட்டுத் தள்ளிவிட்டு உள்ளே தேடினேன், நாற்காலி நாற்காலியாகத் தேடினேன், எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள், நான் மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அதுகூட யாரோ அழுகிற மாதிரி இருந்தது. கடைசியில் எல்லாருக்கும் பின்னால், சுவரோரமாக நின்றிருந்த ஒன்று வந்தது, மெலிந்து, பிசிறடித்து, தண்ணீரே குடிக்காத மாதிரி.

"அத்தை சொல்லல. நான்தான் சொன்னேன், மாமா. அந்தப் பேர நான்தான் சொன்னேன்."

இது யார் குரல் என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். அவள் குரல்தான், அஞ்சு வயசில் கேட்டது என்று அம்மா மெதுவாகச் சொன்னார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மாமா மேசை இழுப்பறையைத் திறந்து பலகை சீவுகிற சின்னக் கத்தியை எடுத்து, மேல்தளத்தின் அந்தக் கடைசிக் கீற்றுக்கு அடியில் கொடுத்து நெம்பினார். வரவில்லை, அவர் ஒட்டியது எதுவும் அப்படி வராது. பக்கத்துக் கீற்றையும் சேர்த்து உடைத்தார். பாய்மரம் ஒன்று சாய்ந்தது, அதன் கயிறுகள் அடுத்த பாய்மரத்தை இழுத்துக்கொண்டு போயின, வருஷக்கணக்கான வேலை மேசைமேல் சிக்கலாகக் குவிந்தது, அவர் நிறுத்தவில்லை, உள்ளே ஒரு கை போகிற அளவுக்கு இடம் வந்த பிறகுதான் நிறுத்தினார். உள்ளேயிருந்து பழைய பசை வாசம் வந்தது. வேறொன்றும் வரவில்லை. எல்லாரும் திரும்பி, எவ்வளவோ நாளுக்குப் பிறகு முதல் தடவையாக, மெட்டில்டா அத்தையைப் பார்த்தார்கள். அத்தை வாயைத் திறந்தார். மூடினார்.

கப்பலும் போச்சு, குரலும் போச்சு, நாளைக்கு மீனுக்கு என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போனார்கள். போகிறபோது யாரும் என்மேல் இடிக்காமல் சுற்றிப் போனார்கள், அது இடிப்பதைவிட மோசமாக இருந்தது. அம்மா என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். நான் ஆணிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், எழுந்து போவதற்கும் வெட்கமாக இருந்தது. அத்தை அடுக்களைக்குள் போய்விட்டார். மாமா உடைந்த கீற்றுகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

சுவர்க் கடிகாரம் நாலு பத்து காட்டியது. கப்பல் கூப்பிடவில்லை.

மாமா எழுந்தார். கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, கூப்பிடாத குரலுக்கு, நொண்டிக்கொண்டு ஓடினார்.

"ஓடாதீங்க," என்றது அடுக்களைக்குள்ளிருந்து ஒரு குரல். "வழுக்கும்."

ஹாலின் நடுவில் மாமா நின்றுவிட்டார். ஒரு கால் முன்னால் இருந்தது, அதைப் பின்னால் எடுக்கவும் இல்லை. அந்தக் குரல் கரகரவென்று இருந்தது, நான் இத்தனை வருஷம் செய்த இழுப்பு அதில் கொஞ்சம்கூட இல்லை. அந்த இழுப்பு நான் சேர்த்தது என்று அப்போதுதான் தெரிந்தது. அடுக்களையில் குழாய் ஓடி நின்றது. "மெதுவா போய் அந்தக் கொழாய மூடிட்டு வாங்க," என்றார் அத்தை. மாமா மெதுவாகக் குளியலறைக்குப் போய்க் குழாயை மூடிவிட்டு வந்தார்.

மறுநாள் மீன் விலை இறங்கியது. கித்தேரி அண்ணன் கீழேயிருந்து முகத்தைப் பார்த்துவிட்டுத் தோற்றார், திருப்தியாகத் தோற்றார். மாமா தகட்டை எடுத்து உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெறும் பித்தளையாக்கினார். உடைந்த கப்பலை வைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கிளிப்புகளை எடுத்துக் கொடுக்கிறார், இந்த வேகத்தில் போனால் இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்கிறார்கள்.

என்னிடம் அத்தை பேசுவதில்லை. நான் தினமும் போகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் போய், அவர் துவைத்துப் போட்ட துணிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிழிந்து பால்கனிக் கொடியில் காயப்போட்டுவிட்டு, வாசலோரமாக உட்கார்கிறேன். யாராவது வந்து, எங்கே ஜெரோ, மெட்டில்டாக்கா மாதிரி பேசு பார்க்கலாம் என்றால், வரவில்லை என்கிறேன். வரும். உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறது. எழுப்புவதில்லை.

நேற்று நான் வாசலில் நின்றபோது அத்தை கிளிப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், பக்கத்திலிருந்த மாமாவிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளகிட்ட சொல்லுங்க, செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து காபியக் குடிக்கச் சொல்லுங்க, ஆறுது."

மாமா பலகையைப் பிடித்திருந்த விரலை எடுத்தார். பலகை பிரிந்து விழுந்தது. எழுந்து, மூன்று எட்டு வைத்து என் முன்னால் வந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தையின் குரலில் அதைச் சொல்ல முயற்சி செய்தார். கொஞ்சம்கூட வரவில்லை. ஆட்டுக்குட்டி மாதிரி இருந்தது. அடுக்களைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அத்தை சிரித்தார்.

நான் செருப்பைக் கழற்றினேன்.